ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வந்த சேலை

பிராம்ப்டன், கனடா
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் அப்பா பாதியிலேயே கேமராவை விட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம். அவர் படித்துக் காட்டும்போது நடுவில் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்.

புது வீட்டு ஹாலைக் காட்டியபோது, "ஏண்டி, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றாயே, அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 14 அடி நீளம், 8 அடி உயரம், முழுக்க வெள்ளை. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். விளக்கைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடையில் பெரிய படம் ஒன்று 250 டாலர் என்றார்கள். உன் மாப்பிள்ளை வாசல் பக்கம் நடந்துவிட்டார். சரி, 80 டாலருக்குள் முடிப்பது என்று பேசிக்கொண்டோம். நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய். பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கண்டிஷன். சின்ன ஆணி அடிக்கலாம், காலி செய்யும்போது ஓட்டைகளைப் பட்டி பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் ஆணியே வேண்டாமென்று ஒட்டுக் கொக்கி வாங்கி ஒரு படம் மாட்டினேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தடாலென்று விழுந்தது. திருடன் என்று நினைத்து இவர் கரண்டியோடு போய்ப் பார்த்தார். அட்டையில் போட்டிருந்த எடையைப் படிக்காதது என் தப்புதான்.

இங்கே சுவர் செங்கல் இல்லை அம்மா. மரச்சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையை முடுக்கியிருக்கிறார்கள். தட்டினால் காலி எண்ணெய் டின் மாதிரி சத்தம் வரும். கனமான எதையும் சட்டம் இருக்கும் இடம் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி விற்கிறார்கள். நான் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு மெல்ல இழுத்தேன். உள்ளே திருகு இருக்குமிடத்தில் டக்கென்று பிடித்துக்கொண்டது. மகள் அதை விளையாட்டாக்கி, சுவர் முழுக்கப் பென்சில் புள்ளி வைத்துவிட்டாள்.

அப்புறம் உயரம். நம் வீட்டில் தாத்தா படம் லிண்டலுக்கு மேலே சாய்ந்து நின்று சாப்பிடுகிறவர்களைக் கண்காணிக்குமே, இங்கே அப்படி மாட்டுவதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடியில், பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமாம். தபால் பெட்டியில் வந்து விழும் விளம்பரத் தாள்களைப் படங்களின் அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டி, மூன்று நாள் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஆணி அடித்தது அதற்குப் பிறகுதான். சின்னச் சின்னதாகப் பத்துப் படம் சிதறிக் கிடந்தால் அவ்வளவு பெரிய சுவரில் கொசு மொய்த்த மாதிரி இருக்கிறது. நடுவில் பெரிதாக ஒன்று வேண்டும்.

அந்தப் பெரியது உன் சேலை. திட்டாதே. போன வருஷம் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி அனுப்பினாயே, மஞ்சள் உடம்பும் அரக்கு முந்தானையும், அதுதான். சோபாவுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி ஒன்றை இரண்டு சட்டங்களில் முடுக்கி, முந்தானை முன்னால் தொங்கும்படி மடித்துப் போட்டிருக்கிறேன். கத்தரி வைக்கவில்லை. சேலையின் அகலமே நாலடி இருக்கிறதே, ஏழடி சோபாவுக்கு அளவாக நிற்கிறது. எண்ணெய்க் கறை பட்ட பக்கம் பின்னால் போய்விட்டது. கிட்டே போனால் இன்னமும் லேசாக வெந்தய வாசனை வருகிறது.

இடது பக்கம் மல்லப்பாடிக் குதிரைகள். அப்பா எங்களைப் பர்கூர் பக்கம் டிவிஎஸ் 50-இல் கூட்டிப்போய்ப் பாறையில் காட்டினாரே, வெள்ளை நிறத்தில் இரண்டு குதிரைவீரர்கள் சண்டை போடுவார்களே, அதே ஓவியம். அன்றைக்கு எனக்கு வெயில்தான் தெரிந்தது. பழைய சாமான் கடையில் 12 டாலருக்கு யாரோ வரைந்த கலங்கரை விளக்கப் படம் ஒன்று கிடைத்தது. பெயிண்ட் கடையில் யாரோ கலக்கச் சொல்லி வேண்டாமென்று விட்டுப்போன செம்மண் நிறம் 5 டாலர். கலங்கரை விளக்கத்தை அதால் மூடி, மேலே வெள்ளையில் மகள் குதிரை வரைந்தாள். ஒரு குதிரைக்கு ஐந்து கால் மாதிரி தெரிகிறது. அழிக்க விடமாட்டேன் என்கிறாள்.

வலது பக்கம் நான்கு பழைய சட்டகங்கள், ஒன்று 4 டாலர். மூன்றில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, நம் மாந்தோப்பு, ஒகேனக்கல் பரிசலில் நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கும் போட்டோ. அன்றைக்கு ராத்திரி விழுந்து உடைந்த படத்தையும் சேர்த்து மொத்தம் 61 டாலர். போன வாரம் வீட்டுக்காரர் வந்து ஓட்டைகளை மட்டும் எண்ணினார். ஏழு.

சாமி படம் எங்கே என்று கேட்பாய். சமையலறை அலமாரியில், எப்போதும்போல.

நான்காவது சட்டகம் காலியாகத்தான் தொங்குகிறது. தாத்தா படத்தை இறக்கி, கண்ணாடியில் இருக்கும் குங்குமத்தைத் துடைத்து, ஸ்டுடியோவில் ஒரு காப்பி போடச் சொல். எட்டுக்குப் பத்து அங்குலம். அட்டை வைத்துக் கட்டி அனுப்பு. கூடவே தின்பதற்குக் காவேரிப்பட்டணம் நிப்பட்டு வைத்தால், அதையும் ஒரு சேலையில் சுற்று. படுக்கையறைச் சுவரும் காலியாக இருக்கிறது.

அன்பு மகள்