பாலூட்டும் தாயைத் தடுத்தீர்கள், கடலில் இறங்கியவர்களை மலையேற்றினீர்கள்

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர்,
சுற்றுலா நிறுவனம், வேலூர்.

பொருள்: புதுச்சேரி ஸ்கூபா, ஏலகிரி சுற்றுலாவில் சேவைக் குறைபாடு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

கடலையும் மலையையும் சேர்த்து நீங்கள் நடத்தும் சுற்றுலாவுக்கு எங்கள் குடும்பம் சென்ற மாதம் பணம் கட்டியது. காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் போகும் ஸ்கூபா டைவுக்கு நான், என் கணவர், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் என நான்கு பேர். என் மாமியார் கரையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. குழந்தைக்கு ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது என்று பதிவு செய்யும்போதே உங்கள் அலுவலகத்தில் சொன்னேன். "ஒன்றும் பிரச்சினை இல்லை மேடம்" என்றுதான் பதில் வந்தது.

புதுச்சேரியில் வெட்சூட் என்ற இறுக்கமான நீச்சல் உடையை மாட்டப் போகும் நேரத்தில் உங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னை நிறுத்தினார். "பால்ல நைட்ரஜன் ஏறிடும், குழந்தைக்கு ஆகாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டார். என் மாமியாரே, "அவ போகட்டும், நான்தான் இருக்கேனே" என்று சொல்லியும் அவர் விடவில்லை. பணத்தைக் கேட்டால், கட்டியது கட்டியதுதான் என்று சொல்லிவிட்டீர்கள்.

அவர் சொன்ன காரணம் தவறு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். இத்தகைய டைவில் முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பதும் அழுத்தி அடைத்த அதே காற்றுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காவதால், இறங்கியவரின் ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகப் பிரிந்து கேடு செய்யும். ஆனால் இது அழுத்தம் ஏறி இறங்கிய உடம்புக்குள் நடப்பது. குழந்தை கரையில் பாட்டி மடியில் இருந்தது. பாலில் இம்மியளவு கூடுதலாகக் கரைந்திருந்தாலும் அது குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகும், ரத்தத்தில் குமிழியாக மாறாது. டைவர்களின் பாதுகாப்புக்கென்றே இருக்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் இந்தக் காரணத்துக்காகப் பாலூட்டும் தாய்மார்களைத் தடுப்பதில்லை.

கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது என்பது வேறு. வயிற்றிலிருக்கும் சிசுவின் ரத்தம் பெரும்பாலும் நுரையீரலைத் தொடாமலே சுற்றுவதால், குமிழி உண்டானால் வடிகட்ட வழியில்லை. இதைப் பயிற்றுநர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன என் நாத்தனாரிடம், "நாள் தள்ளிப் போயிருக்கிறதா?" என்று உங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்கவில்லை. பெயர், வயது, ரத்த வகை எழுதும் ஒரு தாளில் கையெழுத்து, அவ்வளவுதான்.

என்னிடம் கேட்டிருக்க வேண்டியவையும் இருந்தன. சுகப்பிரசவமா, ஆபரேஷனா, புண் முழுக்க ஆறிவிட்டதா, மார்பில் வெடிப்போ பால்கட்டோ இருக்கிறதா, ராத்திரி தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா? உடம்பில் நீர் குறைந்தால் டைவருக்கும் கெடுதல், பால் சுரக்கும் தாய்க்கும் கெடுதல். பால் கட்டிய மார்பின் மேல் இறுக்கமான வெட்சூட்டை மாட்டினால் வலி உயிர் போகும். அதனால் இறங்குவதற்கு முன் பால் கொடுத்துவிடுவது நல்லது. மேலே வந்ததும் உப்புநீர் போக மார்பை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே மறுபடி கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நடந்தது என்ன? குமட்டலுக்கு என்று படகில் எல்லோருக்கும் மாத்திரை நீட்டினார்கள், கரையில் நின்ற எனக்கும் சேர்த்து. அந்த வகை மாத்திரைகள் சில தாய்க்கும் குழந்தைக்கும் தூக்கக் கலக்கம் தரும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது அன்று மாலைதான். காலையில் கடலுக்கடியில் இருந்த மூன்று பேரையும் வேனில் ஏற்றி, இருட்டுவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலகிரி உச்சிக்குக் கொண்டுபோனீர்கள். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல் உயரம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அப்போதும் குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் முடித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அறிவுரை. விமானத்துக்குள் இருக்கும், சுமார் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தைக் கணக்கில் வைத்துச் சொன்னது அது. ஏலகிரி அதற்குள்தான் வருகிறது. ஆழம் குறைவாக இருந்ததாலோ என்னவோ, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இல்லாத ஆபத்துக்கு என்னைத் தடுத்தவர், இருக்கும் ஆபத்தை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே, எனக்கான ஸ்கூபா கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். உடல்நிலை பற்றிய படிவத்தைத் தமிழில், முறையாகக் கேள்விகளோடு அச்சிடுங்கள். பாலூட்டும் பெண்களை நிறுத்துவதானால் மருத்துவக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அதுவும் பணம் வாங்குவதற்கு முன்பே. ஏலகிரியை முதல் நாளும் கடலை மறுநாளும் வையுங்கள். இதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, அடுத்த குழு கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். ரசீது நகலும், பதிவு செய்தபோது வந்த வாட்ஸ்அப் செய்திகளும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாடிக்கையாளர்