'வான்' என்பது பட்டம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த ஐரோப்பியக் குடும்பப்பெயர்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். இத்தாலி, ஸ்பெயின் பற்றிய பகுதிகள் நன்றாக இருந்தன. டச்சுப் பெயர்களுக்கு வந்ததும் கட்டுரை தடம் மாறிவிட்டது. 'வான்' என்று வருகிற பெயர்கள் பிரபு வம்சத்தாருடையவை என்றும், மற்றவை எல்லாம் 1811இல் நெப்போலியன் கட்டாயப்படுத்தியபோது மக்கள் வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டவை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. நூலகத்தில் ஆசிரியர் பெயர்களை வரிசைப்படுத்துவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இருந்து' என்றுதான் பொருள். இன்ன ஊர்க்காரர் என்று சொல்வதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதற்கு நான் காட்டும் சாட்சி, அமெரிக்காவின் எட்டாவது ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் குடும்பம்.

நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தில் பியூரன் என்று ஒரு பழைய கோட்டை நகரம் இருக்கிறது. அதை அடுத்து, லிங்க ஆற்றங்கரையில் பியூர்மால்சன் என்ற கிராமம். 1631இல் அந்தக் கிராமத்திலிருந்து கார்னேலிஸ் மாசென் என்பவர் வட அமெரிக்காவில் இருந்த டச்சுக் குடியேற்றத்துக்குப் போனார். ஆம்ஸ்டர்டாம் நகைவணிகர் கிலியான் வான் ரென்சலேர் ஹட்சன் ஆற்றங்கரையில் பெரும் நிலப்பரப்பை வாங்கி, அங்கே பயிர் செய்ய நெதர்லாந்திலிருந்து ஆட்களை வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நிலத்தின் குத்தகைக்காரர்களில் ஒருவரானார் கார்னேலிஸ்.

அவருடைய பெயரைக் கவனியுங்கள். அதில் 'வான்' இல்லை, குடும்பப்பெயரே இல்லை. மாசென் என்றால் மாஸ் என்பவரின் மகன். நாம் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வது போல, அக்கால டச்சுக் குடியானவர்கள் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். கார்னேலிஸின் மகன் மார்ட்டன், மார்ட்டன் கார்னேலிசன் ஆனார். தாத்தா மாஸின் பெயர் அதோடு மறைந்தது.

இந்த வழக்கம் சொந்தக் கிராமத்தில் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. எந்த மார்ட்டன், யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். பியூரனுக்குள்ளேயே இருப்பவரைப் 'பியூரன்காரர்' என்று அழைப்பதில் பயனும் இல்லை. பல மாகாணங்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் கலந்து வாழ்ந்த குடியேற்றத்தில், அதுவும் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு யானும் ஒரு கார்னேலிஸும் நின்ற இடத்தில், எங்கிருந்து வந்தவர் என்று சொன்னால்தான் ஆளை அடையாளம் தெரியும். 1664இல் அந்தக் குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தலைமுறைக்குத் தலைமுறை மாறாத குடும்பப்பெயர் ஆங்கிலேயர்களின் வழக்கம். டச்சுக்காரர்களும் மெல்ல மெல்ல அதற்குள் வந்தார்கள். அப்படித்தான் கார்னேலிஸின் பிள்ளைகளோடு 'வான் பியூரன்' குடும்பப்பெயராக நிலைத்தது. பியூர்மால்சனை விட்டுப் பியூரனைப் பிடித்துக்கொண்டதிலும் எனக்கு வியப்பில்லை. தூர தேசத்தில் ஊர் கேட்டால், பக்கத்தில் இருக்கும் பேர்பெற்ற நகரத்தைத்தானே எவரும் சொல்வார்கள்!

ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் பிறந்தது 1782 டிசம்பர் 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் கிராமத்தில். தந்தை ஆபிரகாம் நிலத்தில் பயிரிட்டபடியே ஒரு மதுக்கடையும் விடுதியும் நடத்தினார். கார்னேலிஸ் கப்பலேறி ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அந்த வீட்டில் பேசிய மொழி டச்சு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க ஜனாதிபதி இன்றுவரை அவர்தான். கார்னேலிஸ் தொடங்கித் தன் மூத்த மகனின் திருமணம் வரை டச்சு வம்சாவளிக்கு வெளியே குடும்பத்தில் யாரும் பெண் எடுக்கவில்லை என்பதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்த மகன் 1838இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஏஞ்சலிக்கா சிங்கிள்டனை மணந்தார். இன்று ஆர்கன்சாவில் வான் பியூரன் என்றே ஒரு நகரம் இருக்கிறது, சிகாகோவில் அந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஊரிலிருந்து ஆளுக்குப் போன பெயர், கடல் தாண்டி ஆளிடமிருந்து மறுபடியும் ஊருக்குப் போயிருக்கிறது.

பியூரனுக்குப் பிரபுக்களும் இருந்தார்கள். கட்டுரையாளரைக் குழப்பியது ஒருவேளை இதுவாக இருக்கலாம். 1551இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம், பியூரன் சீமாட்டி அன்னாவை மணந்தார். 'பியூரன் பிரபு' என்ற பட்டம் அவ்வழியே டச்சு அரச குடும்பத்துக்கு வந்து, இன்றும் அவர்களிடமே இருக்கிறது. இப்போதைய மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இளவரசராக இருந்தபோது, 1986 பிப்ரவரியில் பிரீஸ்லாந்தில் உறைந்த கால்வாய்களின் மேல் பதினோரு நகரங்களைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் ஓட்டத்தில் கலந்துகொண்டார். அடையாளத்தை மறைக்க அவர் கொடுத்த பெயர் 'டபிள்யூ. ஏ. வான் பியூரன்'. அரச பட்டம் அது என்று யாரும் நினைக்காத அளவுக்கு டச்சு நாட்டில் அது எளிய மனிதர்களின் பெயர். வரப்போகும் மன்னரே அதற்குள் ஒளிந்துகொள்ள முடிந்திருக்கிறது. கிண்டர்ஹுக் குடும்பத்துக்கும் அந்தப் பிரபு வம்சத்துக்கும் உறவு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. ஊர் ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒன்றாக அமைந்தது.

ஜெர்மன் மொழியின் 'ஃபான்' பெரும்பாலும் பிரபுத்துவத்தைக் குறிக்கும். அந்தக் கணக்கை டச்சு 'வானுக்கும்' போடுவது பழைய தவறு. இசைமேதை பீத்தோவனையே அது நீதிமன்றத்தில் சங்கடப்படுத்தியது. அவருடைய தாத்தா, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெகலன் நகரத்திலிருந்து 1733இல் ஜெர்மனியின் பான் நகருக்கு வந்த பாடகர். டச்சு மொழி வழங்கும் நிலத்திலிருந்து 'வான்' அவரோடு வந்தது. பீத்தோவனின் தம்பி காஸ்பாருக்குக் கார்ல் என்று ஒரு மகன். அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு உரிமைக்கான வழக்கு, வியன்னாவில் பிரபுக்களுக்கென்று இருந்த நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1818 டிசம்பரில் பிரபுத்துவத்துக்கு ஆதாரம் கேட்டபோது, 'வான்' என்பது பிரபுக்களுக்கு மட்டும் உரிய டச்சுச் சொல் அல்ல என்று பீத்தோவன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வழக்கைச் சாதாரணக் குடிமக்களுக்கான நகர நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்!

அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களான வாண்டர்பில்ட் குடும்பத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அதன் மூதாதை யான் ஆர்ட்சன், ஊட்ரெக்ட் அருகே டி பில்ட் கிராமத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். பிரபு வம்சம் எங்கே இருக்கிறது இதில்?

1811 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 18இல் நெப்போலியனின் ஆணை வந்தது உண்மை. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே டச்சு மக்களில் பெரும் பகுதியினருக்குக் குடும்பப்பெயர் இருந்தது. ஆணையின் தாக்கம் அதிகம் இருந்தது பிரீஸ்லாந்து போல, தந்தை பெயர் வழக்கம் அப்போதும் உயிரோடிருந்த பகுதிகளில்தான். கேலிப்பெயருக்கு உதாரணமாகக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டும் 'நாக்ட்கெபோரன்' என்ற பெயருக்கு 'அம்மணமாகப் பிறந்தவர்' என்று பொருள் சொல்வது வழக்கம். பெயராய்வாளர்கள் அதை 'பின்னால் பிறந்தவர்' என்ற ஜெர்மன் சொல்லின் திரிபாகப் பார்க்கிறார்கள். தந்தை இறந்த பிறகு பிறந்த குழந்தையை அப்படி அழைப்பார்கள். தகப்பன் முகம் பாராத பிள்ளையின் பெயரை, நெப்போலியனை ஏமாற்றிய நகைச்சுவை என்று நாம் சிரித்துக்கொண்டே படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தத் திருத்தங்களை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். ஆண்டு நிறைவில் நீங்கள் வெளியிடும் பெயரடைவுக்கும் ஒரு விண்ணப்பம். சென்ற ஆண்டு வான் கோவை 'வா' வரிசையில் வைத்திருந்தீர்கள். நெதர்லாந்தில் 'வானை' விட்டுவிட்டு ஊர்ப்பெயரைக் கொண்டுதான் வரிசைப்படுத்துகிறார்கள். ஓவியர் அங்கே 'கோ'வில் இருப்பார். அமெரிக்கராகிவிட்ட வான் பியூரனை மட்டும் அந்நாட்டு வழக்கப்படி 'வா'விலேயே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.