பேட்டரி தயாரித்த மாதத்தையும் பில்லில் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகக் கிளம்பினால் கார் செல்ஃப் எடுக்கவில்லை, டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பேட்டரி வாங்கி 20 மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கிய கடையில் கேட்டால், 36 மாத வாரண்டியில் இலவசமாக மாற்றித் தருவது முதல் 18 மாதத்துக்குத்தானாம், அதற்குப் பிறகு தள்ளுபடி மட்டும்தானாம்.

அப்புறம் எங்கள் மெக்கானிக் பேட்டரி மேல் பொறித்திருந்த எழுத்தையும் எண்ணையும் படித்துவிட்டு, "சார், இது உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே பத்து மாசம் கடையில கிடந்திருக்கு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரியில் சார்ஜ் இறங்கும், வெயில் கூடக் கூட இன்னும் வேகமாக இறங்கும். நடுவில் யாரும் சார்ஜ் ஏற்றாவிட்டால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. வேலூர் மாதிரி 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகரக் கூரைக்குக் கீழே பத்து மாதம் என்றால் யோசித்துப் பாருங்கள். சுமார் 10 டிகிரி சூடு கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு.

சட்டப்படி தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும், சரி, ஆனால் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து பேட்டரியை நேராக காரில் மாட்டிவிடுகிறார், பெட்டி கடையிலேயே தங்கிவிடுகிறது. நம் கைக்கு வரும் வாரண்டி கார்டில் விற்ற தேதிதான் இருக்கிறது.

வாங்கப்போகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். சிசிஏ, அதாவது குளிரில் இன்ஜினைக் கிளப்ப பேட்டரி தரும் மின்னோட்டம், அதிகம் என்று சொல்லி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள், அது மைனஸ் 18 டிகிரி குளிரில் அளப்பது. கார் கையேட்டில் சொன்ன ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) இருந்தால் போதும்.

மருந்து வாங்கினால் காலாவதித் தேதியை பில்லிலேயே போட்டுத் தருகிறார்கள். அதேபோல பேட்டரி பில்லிலும், வாரண்டி கார்டிலும் தயாரித்த மாதம், வருடத்தை எழுதித் தரும்படி நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்கு உத்தரவிட வேண்டும். அதை இந்தக் கோடைக்கு முன்பே செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்