பர்மாவின் பகோ நகரில் இருக்கும் தம்பி மகளுக்கு, உன் தென்னிந்தியப் பயணம் பற்றி

அன்பு மகளே,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். சென்னையில் இறங்கி, திருப்பதி, மகாபலிபுரம், தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருவனந்தபுரம், மூணாறு, ஊட்டி, மைசூர் என்று இரண்டே வாரத்தில் சுற்றி முடிக்கப் பார்க்கிறாய். இவற்றில் ஒரு ஊரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் போனால் பாதி நாள் வண்டியிலும் மீதி நாள் தரிசன வரிசையிலும் கழிந்துவிடும். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. ரங்கூனிலும் மோல்மீனிலும் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே பட்டியலோடுதான் புறப்படுகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நம் பர்மாவோடு உறவுள்ள ஊர்களை மட்டும் பிடித்துக்கொண்டு போ. டில்லிக்காரரும் லண்டன்காரரும் பார்க்கும் தென்னிந்தியா எங்கும் ஓடிவிடாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். பர்மாவில் பிறந்த தமிழ்ப்பெண்ணின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தென்னிந்தியா ஒன்று இருக்கிறது. முதல் பயணம் அதற்காக இருக்கட்டும்.

திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் போகிறேன் என்கிறாய். வேண்டாம். ஏப்ரலில் மதுரை சித்திரைத் திருவிழா இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் காவிரிக் கரையில் அப்போது தண்ணீர் இருக்காது. ரங்கூன் ஷ்வேடகன் பகோடாவின் பளிங்கில் வெறுங்காலோடு நடந்து பழகிய உனக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் நடுப்பகல் கல் பொறுக்காது. கோடையில் காட்டுத்தீ அபாயம் என்று மலைக்காடுகளையும் சில நாட்கள் மூடிவிடுவார்கள். தை மாதம் போ. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயல் அறுப்புக்கு நிற்கும் காலம் அது.

சென்னையில் ஒரு நாள் போதும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு நேராகப் போ. நடராசரைப் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் திருமேனிகளைத் தேடு. 1856 முதல் அந்த ஊர் மண்ணிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்பது நாகப்பட்டினம் போனதும் புரியும். மாலையில் பர்மா பஜார் பக்கம் நடந்து, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடு. 1964-இல் கடைகள் தேசியமயமானபின் கப்பலேறிப் போன நம் ஆட்கள் 1969-இல் உண்டாக்கிய கடைத்தெரு அது. அத்தோ நம் ஊர் ருசியில் இருக்காது. அதற்காக முகம் சுளிக்காதே. கையில் ஒன்றுமில்லாமல் இறங்கியவர்கள் நினைவில் இருந்ததை வைத்துப் பிழைத்த பிழைப்பு அது.

அங்கிருந்து சிதம்பரம். நடராசரைத் தரிசித்த மறுநாள் காலையில் பிச்சாவரம் போய்த் துடுப்புப் படகில் ஏறு. சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் குறுகிக்கொண்டே போகும், வேர்கள் தண்ணீருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கியிருக்கும். ஐராவதி டெல்டாவில் போகலே பக்கம் நீ பார்த்த காடுதானே என்று தோன்றும். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் மற்ற கிராமங்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. நம் ஐராவதி டெல்டாவில் கரையோரக் காட்டை வெட்டி வயலாகவும் இறால் பண்ணையாகவும் ஆக்கியிருந்தோம். 2008-இல் நர்கிஸ் புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. படகோட்டியிடம் சுனாமி நாளைப் பற்றிக் கேள். நீயும் நர்கிஸ் கதையைச் சொல். இயற்கையைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இயற்கை இதுதான் என்பது என் எண்ணம்.

இனி நாகப்பட்டினம். உன் பட்டியலில் அந்தப் பெயரே இல்லாதது எனக்கு வருத்தம்தான். என் தாத்தா, அதாவது உன் கொள்ளுத்தாத்தா, கப்பலேறியது அந்தத் துறைமுகத்தில். கப்பலின் திறந்த தளத்தில் பயணம் செய்து ரங்கூனில் வந்து இறங்கி அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். நம் குடும்பத்துக்கு அவ்வளவுதான் நாகப்பட்டினம். ஆனால் பர்மாவுக்கு அது இன்னும் பழைய ஊர். ராசராச சோழன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். சிவபக்தனான ராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு எழுதிவைத்தான். லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயத்தில் அது இருக்கிறது.

அடுத்தது உன் வீட்டுப் பக்கத்துச் செய்தி. பகோவில், பிக்குகளுக்குத் துறவு கொடுக்கும் கல்யாணி சீமா மண்டபத்தருகே நிற்கும் கல்வெட்டுத் தூண்களைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். பதினைந்தாம் நூற்றாண்டில் தம்மசேதி அரசர் பாளியிலும் மோன் மொழியிலும் வெட்டிவைத்தவை அவை. அவர் இலங்கைக்கு அனுப்பிய பிக்குகள் திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்தது. கரை சேர்ந்தவர்கள் கால்நடையாக நாகப்பட்டினம் வந்தார்கள், பழைய விகாரை இருந்த இடத்தைக் கண்டார்கள், அங்கே ஒரு குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்று அந்தத் தூண்கள் சொல்கின்றன. உன் அம்மா நாள்தோறும் கும்பிடும் புத்தரையும் உன் அப்பா கும்பிடும் சிவனையும் ஒரே ஊர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. விகாரத்தின் கடைசி மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள், இன்று பார்க்கக் கட்டடம் இல்லை. இருந்தாலும் போ. காயாரோகணேசுவரர் கோயிலுக்குப் போ, நாகூர் தர்காவுக்கும் போ. அந்தத் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

தாத்தாவின் ஊரைத் தேட வேண்டும் என்று உன் அப்பா சொல்லி அனுப்பியிருப்பான். மாயவரம் பக்கம் என்பதற்கு மேல் நமக்கு விலாசம் இல்லை. ஆனால் குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது, பாட்டி அதை விடாமல் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப்பெயரை வைத்துத் தேடாதே. குலதெய்வத்தின் பெயரை டீக்கடையிலும், பூசாரிகளிடமும், பஸ் நிலையத்துப் பூக்காரரிடமும் கேள். நம்மவர்களில் உறவைக் கண்டுபிடித்தவர்கள் பலரும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கிடைக்காவிட்டால் மனம் உடையாதே. அந்த மண்ணில் ஒரு கிராமத்துத் தெருவில் ஒரு மாலைப்பொழுது நடந்துவிட்டு வா.

தஞ்சாவூரில் மூன்று இரவு தங்கு. இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெரிய கோயிலுக்கு ஒரே முறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. விடியற்காலையில் ஒரு முறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். ஏறக்குறைய எல்லாக் கோயில்களும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை உன் அட்டவணையில் எங்குமே காணோம். 1010-இல் முடிந்த விமானம் அது, 216 அடி. எல்லோரும் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார்கள். நீ கீழே, அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் பார். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொன்னான் ராசராசன். தன் தானத்தோடு அக்காள் குந்தவையின் தானத்தையும் சேர்த்துச் சொன்ன அரசன். கோயிலில் ஆட வந்த 400 பெண்களின் பெயரும் அங்கே இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது வரை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் கல்லில் இருக்கிறது, நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிய நம் தாத்தாவின் விலாசம் நம்மிடம் இல்லை. ஆகவே உன்னிடம் ஒரு காரியம் ஒப்படைக்கிறேன். திரும்பி வந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும், எந்த ஊர், என்ன வேலை என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுது.

தாராசுரத்தை ஒரு காலைக்கு வைத்துக்கொள். இரண்டாம் ராசராசன் கட்டியது. நாயன்மார் கதைகள் ஒரு சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையில் இருக்கின்றன. குனிந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தையும் தவறவிடாதே. கங்கைகொண்ட சோழபுரம் நேரமிருந்தால்.

அடுத்தது செட்டிநாடு. அங்கே நீ கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில பெரிய வீடுகளுக்குள் சிறு கட்டணம் கொடுத்துப் போகலாம். திண்ணையைத் தாண்டி முகப்பில் நுழைந்து வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்றால் சுற்றிலும் கருநிறத்தில் மினுங்கும் தூண்கள், ஒரே மரத்தில் கடைந்தவை. நம் தேக்கு. அந்த மரத்தைக் காட்டிலேயே பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சை மரம் ஆற்றில் மிதக்காது. காய்ந்தபின் வீழ்த்தி, யானை இழுத்து, ஓடையில் தள்ளி, தெப்பமாகக் கட்டி ஆற்றோடு ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கப்பல். தூணைத் தொட்டுப் பார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

தொடும்போது இரண்டையும் நினைத்துக்கொள். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டியார்கள், ரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி (கடன் கொடுக்கும் கடை) வைத்து, டெல்டா விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்தார்கள். அந்தப் பணமில்லாமல் கீழ்பர்மாவில் அத்தனை சதுப்பு நிலமும் நெல்வயல் ஆகியிருக்காது. பிறகு 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1937-இல் கால் பங்கு. நிலம் போன பர்மிய விவசாயிக்கு வந்த கோபம் வட்டிக்கடைக்காரரோடு நிற்கவில்லை, மூட்டை தூக்கிய நம் தாத்தா போன்றவர்கள் மேலும் விழுந்தது. கடைசியில் செட்டியார்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். உன் அம்மாவின் வழியில் நிலம் இழந்தவர்களும் இருக்கக்கூடும். அந்த வளவில் பெருமையோடு மட்டும் நிற்பதும் சரியில்லை, கோபத்தோடு மட்டும் நிற்பதும் சரியில்லை.

ஆத்தங்குடியில் பூக்கல் (தரை ஓடு) செய்யும் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்கும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் பூ கலங்கிவிடும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக்கலவை வைத்துச் சமன் செய்து, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு வந்திருக்கும், வேறு மெருகு கிடையாது. பிள்ளையார்பட்டி பக்கம்தான், குடைவரையில் இரண்டு கையோடு அமர்ந்த கற்பக விநாயகரைக் கும்பிட்டுக்கொள்.

மதுரையில் ஒரு நாள் இரு. இரவில் சுந்தரேசுவரரைப் பல்லக்கில் மீனாட்சி சன்னிதிக்குப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள், அதைப் பார்க்காமல் வராதே. மூலஸ்தானத்துக்கு இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். உன் முகம் அம்மா ஜாடை, பாஸ்போர்ட்டில் இருப்பதும் பர்மியப் பெயர். யாராவது நிறுத்தினால் சங்கடப்படாமல் தமிழில் பேசு. ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் படித்த தேவாரம் ஒன்றைச் சொல். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டே போ, அதை மறைக்க வேண்டியதில்லை. மகாபலிபுரம், தாராசுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் எங்காவது டிக்கெட் கேட்டால் வெளிநாட்டார் கட்டணம் கொடுத்துவிடாதே. மியான்மர் பிம்ஸ்டெக் (வங்கக் கடல் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடு என்பதால் நமக்கு இந்தியருக்கான கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேள்.

ஊட்டியும் மூணாறும் வேண்டாம் என்றால் மலைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். பொள்ளாச்சி போய், சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் போ. கேரளத்துக் காடு, ஆனால் சாலை தமிழ்நாட்டின் வழியாகத்தான். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் டாப்சிலிப் என்று பெயர். பரம்பிக்குளத்தில் கன்னிமரா என்ற தேக்கு நிற்கிறது, உலகின் மிகப் பெரிய உயிருள்ள தேக்குகளில் ஒன்று. வயது நானூறுக்கு மேல் என்கிறார்கள். நாலைந்து பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்ற முடியும். செட்டிநாட்டில் தூணாகப் பார்த்த மரத்தை அங்கே இலையோடு பார். அந்தக் கரையிலும் அதே மரம்தான் வளர்கிறது. வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், தங்குவதற்கு முன்பதிவு வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் அதை முடித்துவிடு.

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கிறதா என்று இன்றே பார். பாங்காக் வழியா கோலாலம்பூர் வழியா என்பதை விலை பார்த்து முடிவு செய். தனியாகப் போவது பற்றி உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் வெட்டிய ஊர்களில் எதையாவது விடவே முடியாது என்றால் அதற்கு உன் காரணத்தை எழுது, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா
ரங்கூன்