துக்ளகாபாதிலும் பஸ்ஸை நிறுத்துங்கள்

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சுற்றுலா என்றால் குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட் என்று வருடந்தோறும் ஒரே தடம்தான். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மெஹ்ரோலியிலிருந்து பதர்பூர் சாலையில் கிழக்கே போனால் துக்ளகாபாத் கோட்டை வந்துவிடும். உங்கள் பஸ் அங்கே ஏன் நிற்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் வீடுகளில் ‘துக்ளக் தர்பார்’ என்ற சொல் சரளமாகப் புழங்குகிறது. சென்ற குளிர்காலத்தில் என் மகளை அங்கே அழைத்துப் போனபோது, “தலைநகரை மாற்றிய ராஜாதானே இதைக் கட்டினார்?” என்று கேட்டாள். கட்டியவர் அவருடைய தந்தை கியாசுத்தீன். 1320இல் தில்லி அரியணை ஏறியவர், மறு வருடமே வேலையைத் தொடங்கிவிட்டார். மதில் சுற்றளவு ஏறக்குறைய ஆறரைக் கிலோமீட்டர். அடியில் அகன்று மேலே உட்சாய்ந்து போகும் சுவர். பூவேலைப்பாடு என்று ஒன்றுமில்லை. சரிந்து கிடந்த ஒரு கல்லின் மேல் மகள் படுத்துப் பார்த்தாள். பாதம் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த மதிலின் நிழலில் உட்கார்ந்துதான் அவளுக்கு 1323ஐப் பற்றிச் சொன்னேன். இங்கே கல் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கியாசுத்தீனின் மகன் உலூக் கான் தெற்கே படை நடத்தி வாரங்கலைப் பிடித்தார். அடுத்து மதுரை வீழ்ந்தது. திருவரங்கத்து உற்சவரை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் மறைத்து எடுத்துப் போனதும், பல ஊர் சுற்றி 1371இல்தான் பெருமாள் கோயிலுக்குத் திரும்பியதும் என் பாட்டி சொல்லக் கேட்ட கதை. சொல்லும்போது அவர் குரல் கம்மும். ஆனால் அந்தப் படையை அனுப்பிய தலைநகர் எது என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை. முப்பது வருடமாக நம் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் அது இருந்திருக்கிறது!

சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் சாபத்தால் நகரம் பாழானது என்ற கதையைப் பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கதைதான். கூடவே இதையும் சொல்லுங்கள்: 1325இல் வங்கத்திலிருந்து திரும்பிய கியாசுத்தீன், வரவேற்புக்காக எழுப்பிய மண்டபம் சரிந்து இறந்தார். உலூக் கான்தான் பிறகு முகம்மது பின் துக்ளக். அவர் தில்லியிலேயே ஜஹான்பனா என்ற வேறு நகரைக் கட்டினார், தலைநகரை மாற்றித் தக்காணத்துத் தௌலதாபாதுக்கும் போனார். அப்பா கட்டிய ஊரில் தங்கவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் கியாசுத்தீனின் கல்லறை. செம்மணற்கல் சுவர், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். முன்பு அதைச் சுற்றி ஏரி இருந்தது. இன்று பஸ்ஸும் லாரியும்தான் ஓடுகின்றன. அதையும் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. உள்ளே நிழல் குறைவு. குரங்குகள் ஏராளம், டிபன் பாக்ஸைப் பைக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். எங்கள் எலுமிச்சை சாதம் அன்று அவற்றுக்குத்தான் போயிற்று.

இப்படிக்கு,
மயூர் விஹாரிலிருந்து ஒரு தகப்பன்