ஆதார் நகல்: கசிவது கடைக் கணினியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதார் தகவல் திருட்டு என்றதும் ஆதாரை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையத்தின் சர்வரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கணினியின் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு, அங்கேயே இணையதளத்தில் இறக்கிய கோப்பு என எல்லாம் மாதக்கணக்கில் அதில்தான் கிடக்கின்றன. அனுப்பியவர் தன் போனில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும், கணினியில் இறங்கிவிட்ட கோப்பு அழியாது.

இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்தான் இ-ஆதார். அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதையொட்டிப் பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். இரண்டும் கவுன்ட்டரில் கிடக்கும் எந்தப் பிரிண்டிலும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, திறந்த கோப்பை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்துச் சேமித்தால் அந்தக் கடவுச்சொல்லும் போய்விடும்.

எண் வெளியே போனால் என்ன என்று அலட்சியமாக இருக்க முடியாது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஏ.இ.பி.எஸ். முறைக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் போதும், ஓ.டி.பி. வராது. பத்திரங்களில் பதிந்த ரேகையைப் படியெடுத்து, சிலிகான் ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகள் இந்தியாவில் பதிவாகியுள்ளன.

தடுக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' கட்டத்தில் டிக் செய்தால் முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் வரும். எண் கட்டாயம் தேவைப்படாத இடங்களில், உதாரணமாக விடுதியில் அறை எடுக்க, அதைக் கொடுத்தால் போதும். அடுத்தது, ஆணையத்தின் ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு, அதாவது ரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவைப்பது. இதற்குக் கைப்பேசி எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும். பூட்டியபின் யார் ரேகை வைத்தாலும் 330 என்ற பிழைக் குறியீடுதான் வரும். ரேஷன் கடையில் தேவைப்பட்டால் தற்காலிகமாகத் திறக்கலாம், 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வரிசையில் நிற்கும்போதே திறந்துவிட்டால் முறை வருவதற்குள் மூடிவிடும். மெஷின் முன் போனபின் திறப்பதே சரி. ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற கடந்த 6 மாத விவரமும் அதே செயலியில் கிடைக்கும். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

பொது இடக் கணினிகளில் இ-ஆதார் இறக்க வேண்டாம், இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் சொன்னது. நல்ல அறிவுரை. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதை விளக்கி மீண்டும் வெளியிட்டிருக்க வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அதைக் காட்டிக் கடைக்காரர்களை மிரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடை மூடும்போது டவுன்லோட்ஸைக் காலி செய்து, ரீசைக்கிள் பின்னையும் துடைக்க ஒரு நிமிடம் ஆகும். இதை இ-சேவை மையங்களில் விதியாக்கலாம். ஆணையம் செய்ய வேண்டியது இரண்டு: மாஸ்க்டு கோப்பையே இயல்பாகத் தரட்டும், முழு எண் வேண்டுவோர் தனியே டிக் செய்துகொள்ளட்டும். கடவுச்சொல்லையும் அட்டைக்காரரே வைத்துக்கொள்ள விடட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புப் பயிற்றுநர்,
மதுரை.