குமிழியும் கோப்பையும்

ரீம்ஸ், பிரான்ஸ்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். மகளின் திருமணத்துக்குப் பரிசாக வந்த ஆறு ஃப்ளூட் கோப்பைகளை, ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினுக்கான அந்த உயரமான ஒடுங்கிய கோப்பைகளை, வெளியே எடுக்கலாமா, அலமாரியிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். எதில் ஊற்றினால் என்ன, தொண்டைக்குள் போவது ஒன்றுதானே என்று கடைசியில் ஒரு குத்தும் வைத்திருந்தாய். ஷாம்பெயின் விளையும் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு புத்தாண்டு இரவு. விருந்தினர் எதிரே புட்டியைத் திறந்து ஊற்றினேன். எழுந்த நுரை அடங்கியதும் எல்லாக் கோப்பைகளிலும் ஷாம்பெயின் தேங்கிய நீரைப்போல அசைவற்றுக் கிடந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று மனத்துக்குள் திட்டினேன். கோப்பை ஒன்று குறைந்ததால், துணியால் துடைத்து வைத்திருந்த பழையது ஒன்றை எடுத்து அதே புட்டியிலிருந்து ஊற்றியபோது, அடியிலிருந்து நூல் பிடித்தாற்போலக் குமிழிகள் வரிசையாக ஏறின. மற்றவை யாவும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து நேரே வந்தவை.

இதன் காரணத்தை இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ழெரார் லிஜே-பெலேர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வழுவழுப்பான கண்ணாடியில் குமிழி பிறப்பதில்லை. துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து ஒட்டிய நுண்ணிய நாருக்குள் சிறிது காற்று சிக்கிக்கொள்கிறது. ஒயினில் கரைந்திருக்கும் கரியமில வாயு அங்கே சேர்ந்து, பருத்து, குமிழியாகக் கழன்று மேலேறுகிறது. நார் இல்லாவிட்டால் வாயு மேற்பரப்பின் வழியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சில கோப்பைகளின் அடியில் லேசரால் கீறி விற்பதும் இதற்காகத்தான்.

வடிவத்துக்கு வருகிறேன். 750 மில்லிலிட்டர் புட்டியில் ஏறத்தாழ 9 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது. பழைய திரைப்படங்களில் பார்ப்போமே, அந்த அகன்ற தட்டைக் கோப்பையில் அது விரைவில் பறந்துவிடும். ஃப்ளூட்டில் நெடுநேரம் நிற்கும். ஆனால் லிஜே-பெலேரின் குழு 2012இல் அளந்து காட்டியபடி, அதன் குறுகிய வாயருகே வாயு மிகச் செறிவாகத் திரண்டு நிற்கிறது. மூக்கைக் கொண்டுபோனால் சுருக்கென்று குத்துமே தவிர, உள்ளே இருக்கும் ஆப்பிள் வாசனையும் சுட்ட ரொட்டி வாசனையும் பிடிபடுவதில்லை. என் கணக்கில் ஃப்ளூட் கண்ணுக்கான கோப்பை. வயிறு பருத்து வாய் சற்றே ஒடுங்கிய டூலிப் வடிவத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால்தான் வாசனை தங்க இடம் கிடைக்கிறது. பீர் ஊற்றுவதுபோலக் கோப்பையைச் சாய்த்து ஊற்று. வாயு வீணாவது குறையும்.

நுனிநாக்கில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளியில் படித்த படத்தைக் காட்டி, ஒயின் இந்த இடத்தில் விழத்தான் இந்தக் கோப்பை என்று யாராவது விலை சொன்னால் வாங்கிவிடாதே. அந்தப் படமே தவறு. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

உன் ஆறு கோப்பைகளும் சம்பந்தி வீட்டார் வரும் நாளுக்கு இருக்கட்டும்; முதல்நாள் வெந்நீரில் அலசிப் பருத்தித் துணியால் துடைத்து வை. அடுத்த மாதம் நான் வரும்போது நம் இருவருக்கும் இரண்டு டூலிப் கோப்பைகள் கொண்டு வருகிறேன். புட்டி உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்